பன்றிக் கணக்கில் பார்க்க வேண்டியது தாய்ப்பன்றி

வெண்பன்றி விலை ஏறியதும் சேலம், நாமக்கல் பகுதிச் சிறு விவசாயிகள் சிலர் தாய்ப்பன்றி வாங்க நினைப்பதுண்டு. வாங்குமுன் சுற்றுவட்டாரத்தில் எத்தனை தாய்ப்பன்றிகள் உள்ளன என்று விசாரிப்பது நல்லது.

மொத்த எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். நல்ல தாய்ப்பன்றி ஓர் ஈற்றில் 8 முதல் 10 குட்டிகள் போடும். ஈன்ற சமயத்தில் எண்ணினால் கொட்டகை நிறைந்திருக்கும். விற்றபின் எண்ணினால் காலி. தாய்ப்பன்றியின் எண்ணிக்கை அப்படி ஆடாது. சினைக்காலம் 114 நாட்கள். அதன்பின் குட்டி வளர்ந்து விற்பனைக்கு வர ஏழெட்டு மாதங்கள். ஆக, இன்றைய தாய்ப்பன்றிக் கணக்குதான் அடுத்த ஆண்டுச் சந்தை வரத்து. விலையைப் பார்த்து எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்கினால், எல்லோர் பன்றியும் ஒன்றாகச் சந்தைக்கு வரும். அப்போது விலை என்னவாகும்?

நாட்டுக் கணக்கும் நம் ஊருக்கு உதவாது. கால்நடைக் கணக்கெடுப்பின்படி, 2012-ல் சுமார் 103 லட்சமாக இருந்த நாட்டின் பன்றிகள் 2019-ல் 91 லட்சமாகக் குறைந்தன. உத்தரப் பிரதேசத்தில் 13 லட்சம் 4 லட்சமாயிற்று. அசாமிலோ 16 லட்சம் 21 லட்சமாக உயர்ந்தது!

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது ஒரே மாதத்துக் கணக்கையே எடுக்கவும். முதல் சினைக்கு நிற்கும் கிடேரிகளையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளவும்.