கடல் தாண்டும் சரக்கு கரையிலேயே தங்கினால்..?

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். இலங்கையின் வடக்கில் ஒரு மூட்டை பிடிபட்டால், அங்குள்ள செய்திகளில் அதற்குப் பெயர் 'கேரளக் கஞ்சா'. ஆனால், அதில் நிறைய ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளில் விளைந்தது. அங்கிருந்து தமிழகம் வந்து, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் படகு ஏறுகிறது.

2024 மார்ச் 5 அன்று மண்டபத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் கடலோரக் காவல்படையும் வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகளும் ஒரு படகை மடக்கினார்கள். அதில் இருந்தது 99 கிலோ ஹஷிஷ். கஞ்சாச் செடியின் பிசினிலிருந்து எடுப்பது. சாதாரணக் கஞ்சாவைவிட வீரியம் மிக்கது. மதிப்பு 108 கோடி ரூபாய் என்றார்கள்.

"அது இலங்கைக்குப் போற சரக்கு. நம்ம பையனுக்கும் அதுக்கும் என்ன?" என்று தோன்றலாம். ஆனால், கடத்தல் பாதையில் இருக்கும் ஊர்களில் காலப்போக்கில் பழக்கமும் பரவுவதை உலகின் பல பகுதிகளில் பார்த்திருக்கிறார்கள். காரணம் எளிது. கூலியில் ஒரு பங்கைப் பணமாகக் கொடுக்காமல் சரக்காகவே கொடுப்பார்கள். அதை உள்ளூரில் விற்றால்தான் காசு.

'தாத்தா காலத்திலும் இருந்ததே!'

கஞ்சா பற்றிப் பேசினாலே வரும் பதில் இது. அதில் உண்மையும் உண்டு. 1893-ல் பிரிட்டிஷ் அரசு இதற்கென்றே ஒரு விசாரணைக் குழு அமைத்தது. 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கி, அடுத்த ஆண்டு அறிக்கை கொடுத்தது. 'அளவாகப் பயன்படுத்தினால் பெரிய கேடில்லை. அளவு மீறினால் மனம் கெடும்' என்பதே அதன் சாரம். இன்றும் பலர் இதன் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

போதை தரும் பொருள் எது என்பதே அன்று தெரியாது. 1964-ல்தான் இஸ்ரேல் விஞ்ஞானிகள் டி.ஹெச்.சி. என்ற அந்த வேதிப்பொருளைத் தனியே பிரித்தார்கள். 1992-ல் அதைப் போலவே வேலை செய்யும் ஒரு பொருள் மூளையிலேயே சுரப்பதைக் கண்டுபிடித்து, 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். நம் 'ஆனந்தம்'தான்! ஞாபகம், பசி, தூக்கம், பயம் எல்லாவற்றையும் சமன்செய்யும் அமைப்பில் இதற்குப் பங்குண்டு. கஞ்சா புகை அந்த அமைப்புக்குள் வெளியாள் போல நுழைகிறது.

வயதுதான் விஷயம்

மூளை முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகும். அதற்குள் தொடங்குபவர்களுக்கே ஆபத்து அதிகம்.

ஸ்வீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் கவனித்து, 1987-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ராணுவத்துக்கு அழைக்கப்பட்டபோதே 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்கு, தொடாதவர்களைவிட 6 மடங்கு அதிகமாக மனச்சிதைவு நோய் வந்திருந்தது. 2019-ல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வில், தினமும் பிடிப்பவர்களுக்கு மனநோய் அபாயம் 3 மடங்கு. வீரியமானதைத் தினமும் பிடிப்பவர்களுக்கு ஏறக்குறைய 5 மடங்கு.

பிடிக்கும் எல்லோருக்கும் மனநோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலானோருக்கு வருவதில்லை. ஆனால், குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு அபாயம் கூடுதல்.

கடல் தொழில் செய்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. கஞ்சா போதையில் தூரமும் நேரமும் சரியாகப் பிடிபடாது. கை கால் சட்டென்று இயங்காது. இரவில், நீரோட்டம் இழுக்கும் பாம்பன் கடலில் அந்த ஒரு நொடித் தாமதம் போதும்.

இப்போது மாத்திரைகளும் சேர்ந்துவிட்டன. நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபலின் மாத்திரைகள் இந்தக் கரையில் அடிக்கடி பிடிபடுகின்றன. இவற்றை மதுவோடோ வேறு வலி மாத்திரையோடோ சேர்த்தால், தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப்போகலாம்.

ஒரு நடை... பத்து வருஷம்

'ஒரு நடை போய் வந்தா போதும்' என்று ஆசை காட்டுபவர்கள் சட்டத்தைச் சொல்வதில்லை. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டால் அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம்.

அதே சட்டத்தில் ஒரு கதவு திறந்தும் இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையாகி, சிறிய அளவோடு பிடிபட்டவர் தானாக முன்வந்து, அரசு அங்கீகரித்த இடத்தில் முழுச் சிகிச்சை எடுத்துக்கொண்டால், 64-ஏ பிரிவின்படி வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். 'வெளியே சொன்னா போலீஸ் வந்துடுமே' என்று பயந்து மூடி வைக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டில் என்ன செய்யலாம்?

எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி, 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, ஓராண்டில் பாங்கு, கஞ்சா போன்றவற்றைப் பயன்படுத்தியவர்கள் 3.1 கோடி பேர். அவர்களில் உதவி தேவைப்படுபவர்கள் ஏறக்குறைய 72 லட்சம். இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் அவமானம் இல்லை.

கண் சிவப்பு, திடீர்ப் பசி, இரவு பகல் மாறிய தூக்கம், பழைய நண்பர்களை விடுவது, வீட்டில் பணம் குறைவது... இவை சேர்ந்து தெரிந்தால் கவனியுங்கள். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பரீட்சை பயத்திலும் தூக்கம் கெடும். அவன் போதையில் இருக்கும்போது பேச வேண்டாம். மறுநாள், மற்றவர்கள் இல்லாதபோது, 'எப்ப ஆரம்பிச்சது?' என்று நிதானமாகக் கேளுங்கள்.

தினமும் பிடித்தவர் நிறுத்தினால், முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு எல்லாம் வரும். இது திமிர் அல்ல. உடல் பழக்கத்தை விடும் வேதனை. பொதுவாக இரண்டு வாரத்தில் தணியும். அந்த நாள்களில் அடித்து, திட்டி, வெளியே துரத்தினால் அவன் போய்ச் சேரும் இடம் பழைய கூட்டம்தான்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416 எண்களில் கட்டணமின்றிப் பேசலாம். யாராவது விற்பது தெரிந்தால், மதுவிலக்குப் பிரிவின் 10581 இருக்கிறது.

பிள்ளை கடலுக்குப் போனால், திரும்பும் வரை கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வீடுகள் இவை. கரையில் இருக்கும்போதும் அதே கண் அவன்மேல் இருக்கட்டும்.