நாடாவில் சிக்கிய பேச்சு

ஆளுமைப் பயிற்சி வகுப்புகளுக்குப் போய்வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு கணக்கைக் கேட்டிருப்பார்கள். நாம் பிறருக்கு உணர்த்துவதில் சொற்களின் பங்கு 7 சதவீதம், குரலின் பங்கு 38, முகமும் உடலும் 55 என்பது அந்தக் கணக்கு. இதை அப்படியே நம்பினால், தெரியாத மொழியில் நடக்கும் வழக்கு விசாரணையில் போய் உட்கார்ந்து, குரலைக் கேட்டு முகங்களைப் பார்த்தே நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கைப் புரிந்துகொண்டு எழுந்து வந்துவிடலாம். அது நடக்காது என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். கணக்கு மட்டும் அரை நூற்றாண்டாக ஓய்வில்லாமல் உலவிக்கொண்டிருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உளவியல் கற்பித்த ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளிலிருந்து வந்தது அது. ஒரு சோதனையில் தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லிப் பதிவுசெய்து கேட்க வைத்தார்கள். இன்னொன்றில் ‘இருக்கலாம்’ என்ற பொருள்தரும் ஒற்றைச் சொல்லின் ஒலிப்பதிவை முகங்களின் புகைப்படங்களோடு சேர்த்துக் காட்டினார்கள். பேசியவருக்கு விருப்பமா வெறுப்பா என்பதை மாணவர்கள் ஊகித்தார்கள். சொல்லும் தொனியும் முரண்படும்போது விருப்பு வெறுப்பை எதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்ற சிறிய கேள்விக்கு அது நேர்மையான விடை. உரையாடல் என்று நாம் சொல்வது எதுவும் அந்தச் சோதனையில் நடக்கவில்லை. தன் எண்களை எல்லாப் பேச்சுக்கும் நீட்டக்கூடாது என்று மெஹ்ராபியனே பலமுறை சொல்லிவிட்டார். பயிற்சியாளர்கள் காதில் அது ஏறவில்லை.

மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று அறிய, அவர்கள் பேசிக்கொண்டதையே எடுத்துப் பார்ப்பதுதான் முறை. இதைச் சொல்ல ஓர் ஆராய்ச்சித் துறை வேண்டுமா என்று தோன்றும். வேண்டியிருந்தது. 1960-கள் வரை இந்த நேர்வழியில் போனவர்கள் மிகக் குறைவு. சமூகவியலாளர்கள் வினாத்தாளோடு போய், நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்று மக்களிடமே கேட்டார்கள். உளவியலாளர்கள் ஆய்வகத்துக்கு அழைத்துச் சொற்களை ஒப்பிக்கச் சொன்னார்கள். மொழியியலில் நோம் சாம்ஸ்கியின் செல்வாக்கு உச்சத்தில் இருந்த காலம் அது. நிஜப் பேச்சு தயக்கமும் பிழையும் பாதியில் அறுந்த வாக்கியமுமாக இருப்பதால், அதை வைத்து மொழியின் இலக்கணத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்று அவர் தரப்பு கருதியது.

ஹார்வி சாக்ஸ் என்ற இளம் சமூகவியலாளர் இந்தக் குப்பையைத்தான் கிளறினார். 1963-64-இல் லாஸ் ஏஞ்சலஸின் தற்கொலைத் தடுப்பு மையத்தில் பணியாற்றியபோது, அங்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் ஒலிநாடாக்கள் அவருக்குக் கிடைத்தன. மையத்துக்கு ஒரு தலைவலி இருந்தது: அழைப்பவர்கள் பலர் பெயர் சொல்ல மறுத்தார்கள். எடுத்தவர் முதலில் தன் பெயரைச் சொன்னால் அழைத்தவரும் பெரும்பாலும் தன் பெயரைச் சொல்லிவிடுவதை சாக்ஸ் கவனித்தார். ஒருவர் அப்படிச் சொல்லாமல், சரியாகக் கேட்கவில்லை என்றார். எடுத்தவர் மறுபடி சொன்னார், அழைத்தவர் மறுபடி உறுதிசெய்துகொண்டார். இதற்குள் தன் பெயரைச் சொல்லவேண்டிய இடம் கடந்துபோய்விட்டது. காது கேட்காதது நிஜமா நடிப்பா என்பதல்ல இங்கே விஷயம். பேச்சில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு, அந்த இடத்தை வேறொன்றால் நிரப்பிவிட்டால் மறுக்காமலே மறுத்துவிடலாம் என்பது. எந்த வினாத்தாளிலும் இதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் செய்தவருக்கே தான் செய்தது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சாக்ஸும் இம்மானுவேல் ஷெக்லாஃபும் கெயில் ஜெஃபர்சனும் சேர்ந்து இதிலிருந்து உரையாடல் பகுப்பாய்வு என்ற துறையை வளர்த்தார்கள். பேச்சில் முறை எப்படி மாறுகிறது என்பதைப் பற்றி மூவரும் 1974-இல் எழுதிய கட்டுரை இன்றும் அதன் அடித்தளம். அடுத்த ஆண்டே சாக்ஸ் கார் விபத்தில் இறந்தார். அவருடைய விரிவுரைகளைப் பதிப்பித்தவர் ஜெஃபர்சன். பேச்சைத் தாளில் இறக்கும் முறையை உருவாக்கியவரும் அவரே. மௌனம் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கப்படும். இருவர் பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எந்த அசையில் விழுந்தது என்று குறிக்கப்படும். மூச்சு இழுப்பும் சிரிப்பின் ஒவ்வொரு துணுக்கும் தாளில் ஏறும். சில நிமிடப் பேச்சை இப்படி எழுத மணிக்கணக்கில் ஆகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெட்டிவேலையாகத் தெரிவதில் வியப்பில்லை.

இங்கேதான் முதல் ஆட்சேபம். நாலு நாடாக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு மனித இனத்தைப் பற்றிப் பேசலாமா? ஷெக்லாஃபின் 1968-ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்கு நல்ல பதில். தொலைபேசி அழைப்புகள் தொடங்கும் விதத்தை அவர் ஆராய்ந்தார். எடுப்பவரே முதலில் பேசுவார் என்ற விதி சுமார் 500 அழைப்புகளிலும் பொருந்தியது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் காவல்துறையினர் அழைத்தார்கள். மறுமுனையில் எடுத்த பிறகும் பேச்சில்லை. சற்றுப் பொறுத்து அழைத்தவரே ‘ஹலோ’ என்றார். 500-க்கு 499 கிடைத்தால் புள்ளிவிவரக்காரர் கொண்டாடியிருப்பார். ஷெக்லாஃப் தன் விதியை விட்டுவிட்டு அதற்கு அடியில் இருந்ததைத் தேடினார். மணியோசை ஒரு கூப்பாடு, எடுப்பவரின் ‘ஹலோ’ அதற்குப் பதில். பதில் வராதபோது அழைத்தவர் சொன்ன ‘ஹலோ’ இரண்டாவது மணியோசை. இப்படிப் பார்த்ததும் 500 அழைப்புகளும் ஒரே ஒழுங்கில் அடங்கின. எண்ணிக்கை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை; எதை எண்ணுவது என்று தெரிந்த பிறகே எண்ணுவதில் பயன் இருக்கிறது.

எண்ணுகிறவர்களும் பின்னால் வந்தார்கள். டான்யா ஸ்டிவர்ஸ் தலைமையில் ஒரு குழு 2009-இல் பத்து மொழிகளின் இயல்பான உரையாடல்களிலிருந்து ஆம்-இல்லை வகைக் கேள்விகளையும் பதில்களையும் எடுத்து, இடைப்பட்ட நேரத்தை அளந்தது. எல்லா மொழிகளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. மிக விரைவாகப் பதில் வந்த ஜப்பானிய மொழியின் சராசரி சுமார் 7 மில்லிவிநாடி. மிகத் தாமதமான டேனிஷ் மொழியில் சுமார் 470. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மனிதருக்கு ஏறத்தாழ 600 மில்லிவிநாடி தேவை என்பது உளமொழியியல் சோதனைகளின் முடிவு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்: எதிராளி பேசி முடிக்கும் முன்பே நாம் அவருடைய முடிவை ஊகித்து, பதிலையும் மனதில் தயாரித்துவிடுகிறோம். பிறர் பேசி முடித்த பிறகு யோசித்துப் பதில் சொல்வதே நல்ல கேட்பு என்று உபதேசிப்பவர்கள், உடம்பு ஒத்துக்கொள்ளாத ஒன்றைக் கேட்கிறார்கள்.

ஒலிப்பதிவுக் கருவி வைத்திருப்பது தெரிந்தால் யாரும் இயல்பாகப் பேசமாட்டார்களே என்பது இன்னொரு ஆட்சேபம். இதில் பாதி நியாயம் உண்டு. கருவிக்கு முன்னால் மக்கள் வசைச்சொல்லைக் குறைக்கலாம், மாமியாரைப் பற்றிப் பேசாமலிருக்கலாம். ஆகவே மக்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அறிய இந்த முறை சிறந்ததல்ல. ஆனால் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியை வேண்டுமென்றே கூட்டிக் குறைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேச யாராலும் முடியாது. துறை ஆராய்வது பெரும்பாலும் இத்தகைய, நம் கட்டுப்பாட்டுக்கு எட்டாத நுணுக்கங்களைத்தான்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வியும் எழும். லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஜான் ஹெரிடேஜும் சக ஆய்வாளர்களும் 2007-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நோயாளிகள் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட தொல்லைகளோடு வந்து, ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வீடு திரும்புகிறார்கள். 20 குடும்ப மருத்துவர்களில் சிலரிடம், முதல் தொல்லையைக் கேட்டதும் வேறு ‘எனிதிங்’ உண்டா என்று கேட்கச் சொன்னார்கள். சிலரிடம் வேறு ‘சம்திங்’ உண்டா என்று கேட்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் முதல் கேள்வி இல்லை என்ற பதிலை நோக்கிச் சாயும், நாம் ‘வேறொன்றும் இல்லையே?’ என்று கேட்பதுபோல. இரண்டாவது ஆம் என்பதை நோக்கிச் சாயும். முன்கூட்டியே நோயாளிகள் எழுதிக்கொடுத்த தொல்லைகளோடு ஒப்பிட்டபோது, ‘சம்திங்’ என்று கேட்ட இடங்களில் சொல்லாமல் விடுபட்டவை 78 சதவீதம் குறைந்திருந்தன. ‘எனிதிங்’ கேட்பதும் கேட்காமலிருப்பதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மருத்துவரின் நேரமும் கூடவில்லை. முகபாவனை வகுப்பு எதுவும் நடத்தாமல் ஒரு சொல்லை மாற்றியதில் இவ்வளவு. சொல்லுக்கு 7 சதவீதம் என்பவர்கள் இந்தக் கட்டுரையை ஒருமுறை புரட்டலாம்.

ஸ்டிவர்ஸ் குழுவின் பத்து மொழிகளில் தமிழ் இல்லை. திராவிட மொழி எதுவுமே இல்லை. இலக்கணத்தை மட்டும் வைத்து யோசித்தால், தமிழில் பதில் தாமதமாக வரவேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நம் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, எதிர்மறையும் கேள்விக்குரிய ‘ஆ’வும் அதற்கும் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன, கேட்பது கேள்வி என்று உறுதியாகத் தெரிய கடைசி அசை வரை காத்திருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது இந்த வாதம். ஆனால் ஜப்பானிய மொழியும் அப்படித்தான் வினையையும் கேள்விக் குறிப்பையும் கடைசியில் வைக்கிறது, அதுதான் பத்தில் மிக விரைவானது.