மண்டபம் முகாமும் பதினோர் ஆண்டுக் கணக்கும்

இந்தியக் குடியுரிமையை அடைவதற்கு 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஐந்து வழிகளைச் சொல்கிறது. பிறப்பு, வம்சாவளி, பதிவு, நிலப்பகுதி இணைப்பு ஆகிய நான்கும் ஏதேனும் ஓர் உறவையோ வேரையோ நிகழ்வையோ பற்றியவை. இயல்புரிமை எனப்படும் ஐந்தாவது வழி மட்டுமே, வேறெந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் இந்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளைப் பார்த்து அவரைக் குடிமகனாக ஏற்கிறது. இச்சட்டத்தைப் புது டெல்லியில் இருந்து படிப்பதைவிட இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் இருந்து படித்தால்தான் அதன் உள்முரண் தெளிவாகத் தெரியும். ஏனெனில் கேட்கப்படும் ஆண்டுகளைப் போல மும்மடங்கு காலம் இங்கே வாழ்ந்துவிட்டும் விண்ணப்பிக்கும் தகுதியே இல்லாதவர்களாகக் கருதப்படும் குடும்பங்கள் அங்குள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் இருக்கின்றன.

இயல்புரிமைக்கான நிபந்தனைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ளன. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்கள் விண்ணப்பதாரர் தொடர்ந்து இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். அதற்கும் முந்தைய 14 ஆண்டுகளில், இடையிடையே வெளிநாடு போய் வந்திருந்தாலும், மொத்தத்தில் 11 ஆண்டுகளுக்குக் குறையாமல் இங்கே இருந்திருக்க வேண்டும். நன்னடத்தை, வேறு நாட்டுக் குடியுரிமை இருந்தால் அதைத் துறக்கும் உறுதி, இந்தியாவிலேயே வாழும் நோக்கம், அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளுள் ஒன்றில் போதிய அறிவு ஆகியவையும் கேட்கப்படுகின்றன. அமெரிக்காவில் கிரீன் கார்டு பெற்றவர் பொதுவாக 5 ஆண்டுகளிலும், கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் 5 ஆண்டுகளுக்குள் 1,095 நாட்கள் தங்கியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் குடியுரிமைக்கு முன்படியாக அப்படியோர் அட்டை கிடையாது. வசிப்பை அவரவர் ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டும். எட்டாம் படிவத்தில் தரப்படும் விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர், மாநில அரசு வழியாக ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்குச் செல்கிறது. அமைச்சகம் அதை மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிய கடமை இல்லை என்பதைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது.

இந்த நிபந்தனைகளை மண்டபம் முகாமில் 1990இல் வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தின் மீது பொருத்திப் பார்க்கலாம். மொழிக்குக் குறைவில்லை, தமிழ் எட்டாவது அட்டவணையில் இருக்கிறது. வசிப்புக்கு அரசின் பதிவேட்டைவிட வலுவான சான்று தேவையில்லை; முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் நேரில் நிற்காதவர் பெயர் நீக்கப்படும் என்பதாலும், பணக்கொடை எனப்படும் மாதாந்தர உதவித்தொகை அந்தக் கணக்கின்படியே வழங்கப்படுவதாலும், வெளிநாட்டில் இருந்து வந்து தங்கியிருக்கும் வேறெவருக்கும் இல்லாத அளவு தொடர்ச்சியான வருகைப்பதிவு அகதிகளுக்குத்தான் உண்டு. நடத்தையைப் பற்றி, அகதிகளைக் கண்காணிக்கும் கியூ பிரிவுப் போலீசாரிடம் ஆண்டுக்கணக்கில் கோப்பு இருக்கிறது. ஆயினும் விண்ணப்பம் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. இயல்புரிமையைப் பற்றிய 6ஆம் பிரிவு, விண்ணப்பதாரர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது என்கிறது; செல்லத்தக்க கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இல்லாமல் நுழைந்தவரும், ஆவணத்தின் காலக்கெடு முடிந்தும் தங்கியவரும் அச்சொல்லுக்குள் அடங்குவர். 2003ஆம் ஆண்டில் நிறைவேறி 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த வரையறையைச் சேர்த்தது. இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தலைமன்னாரில் இருந்தும் பேசாலையில் இருந்தும் படகேறி, தனுஷ்கோடிக் கரையிலோ நடுக்கடல் மணல் திட்டுகளிலோ இறக்கிவிடப்பட்டவர்கள் விசா வாங்கி வந்திருக்க முடியாது என்பது இக்கரையில் எந்த மீனவருக்கும் தெரிந்த செய்தி. அவர்களை அன்று கரையிலேயே பதிவு செய்து, பேருந்தில் ஏற்றி, முகாமில் குடியமர்த்தியது அரசேதான். அரசின் அறிவோடும் ஏற்பாட்டோடும் தொடங்கிய வாழ்வுக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் இப்படியொரு பெயர் சூட்டப்பட்டது நியாயத்தின் கண்ணோட்டத்தில் ஏற்கத்தக்கதல்ல.

மண்டபம் முகாமின் பழைய வரலாறு இந்த முரணை இன்னும் கூர்மையாக்குகிறது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களைத் தங்கவைத்து, நோய்த்தொற்று இருக்கிறதா என்று சோதித்து அனுப்புவதற்காக ஆங்கிலேயர் காலத்தில் ஏற்பட்ட இடம் அது; மண்டபம் கேம்ப் என்ற ரயில் நிலையப் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வரை போய்க் கப்பலேறியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும், 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாயினர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறீமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாட்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இந்தியக் கடவுச்சீட்டோடு ராமேஸ்வரம் கப்பலில் வந்து இறங்கியவர், தாயகம் திரும்பியவராக மண்டபத்தில் குடும்ப அட்டை பெற்று, நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டம் போன்ற இடங்களுக்குக் குடிமகனாகவே போய்ச் சேர்ந்தார். 1980களின் நடுவில் கப்பல் போக்குவரத்து நின்றது. இலங்கையில் அதே தோட்டத்தில், அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வாழ்ந்து, இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நிலையில் கலவரத்துக்கு அஞ்சிப் படகில் வந்தவரோ அகதியானார். பின்னர் சட்டவிரோதக் குடியேறியானார். இருவருக்கும் பூர்விகத்தில் வேறுபாடில்லை. வந்த வாகனத்திலும் கையில் இருந்த தாளிலும்தான் வேறுபாடு.

இந்திய வம்சாவளியினருக்கு 5ஆம் பிரிவின் பதிவு வழி எளிதாயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு 7 ஆண்டு வசிப்பு போதும். ஆனால் விண்ணப்பதாரரோ அவருடைய பெற்றோரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும் என்பதால், பாட்டன் காலத்திலேயே கடல் கடந்த குடும்பங்கள் இதில் அடங்குவதில்லை. சட்டவிரோதக் குடியேறி என்ற தடையும் இங்கே அப்படியே இருக்கிறது. திருச்சி மாவட்ட முகாம்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர் தொடர்ந்த வழக்கில், 2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மனுதாரர்கள் பக்கம் நின்று பேசினாலும், குடியுரிமை வழங்கும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கே உரியது என்பதால், விண்ணப்பங்களைப் பெற்று முடிவெடுக்குமாறு கூறுவதோடு நிறுத்திக்கொண்டார்.

தடையை விலக்குவது சட்டத்துக்கு இயலாத காரியம் அல்ல. 2019 டிசம்பரில் வந்த திருத்தம், 2014 டிசம்பர் 31க்குள் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் இருந்து வந்த ஆறு சமயத்தவரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருத வேண்டாம் என்று அறிவித்ததோடு, அவர்களுக்கு 11 ஆண்டு வசிப்பை 5 ஆண்டாகவும் குறைத்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில் வெளியான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையில் இருந்து விடுவித்தது. குடியுரிமைச் சட்டத்தின் வரையறையை அது தொடவில்லை. தண்டிக்கத்தக்கவர் அல்ல என்று அரசு ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் அவரைத் தகுதியுடையவராக்குவதே முறை.

அதுவரை முகாம்வாசிகள் இயல்புரிமையை மட்டுமே நம்பியிராமல் தங்கள் பிள்ளைகளின் பிறந்த தேதியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராயினும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது இந்த விதியின்படிதான். அவர் 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவர் அப்போது குடிமகனாக இருந்தால் போதும். அதன்பின் பிறந்தவருக்கு ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்பதால், உள்ளூர்ப் பெண்ணை மணந்த முகாம் இளைஞரின் குழந்தைக்கும் சிக்கல் வருகிறது. எனவே முதல் இரு காலப் பிரிவுகளிலும் பிறந்தவர்கள், பிறப்புச் சான்றிதழை இதுவரை வாங்கியிராவிட்டால், மருத்துவமனைப் பதிவும் முகாம் பதிவும் கிடைக்கும்போதே தாமதப் பதிவுக்கு விண்ணப்பித்து அதைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.