கடல் கடந்து போன பிள்ளையும் கடைத் தொலைபேசியும்



விலைவாசி, வரி, எடை அளவு என்று நம் தொழில் சார்ந்த செய்திகளையே இந்தப் பக்கங்களில் நாம் பேசி வருகிறோம். இம்முறை, நம் கல்லாவுக்கு எதிரே வந்து நிற்கும் வாடிக்கையாளர் குடும்பங்களைப் பற்றியும், நம் சொந்தக் குடும்பங்களைப் பற்றியும் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம். பண்ருட்டி சுற்று வட்டாரத்தில் வெளிநாட்டில் ஒரு பிள்ளை இல்லாத தெரு இன்று அரிது. துபாய், மஸ்கட், குவைத், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போனவர்கள் ஒருபுறம். நெய்வேலி நகரியத்தில் பிறந்து படித்து, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள் மறுபுறம். முந்திரித் தொழிலில் உள்ளவர்களில் சிலர், கொட்டை கொள்முதலுக்காக ஆப்பிரிக்க நாடுகளில் மாதக் கணக்கில் தங்கவும் வேண்டியிருக்கிறது. போனவருக்கும் வீட்டுக்கும் இடையே தொடர்பு அறுந்து போகாமல் காப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பி.பி. நம்பர் காலம்

இன்றைய இளைஞர்களுக்கு ‘பி.பி. நம்பர்’ என்றால் என்னவென்று தெரியாது. 1980களில் தொலைபேசி இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீடுகளில் தொலைபேசி அபூர்வம். கடைகளிலும் மண்டிகளிலும்தான் இருக்கும். ஆகவே தெருவிலுள்ள பத்துக் குடும்பங்கள் நம் கடை எண்ணையே தங்கள் எண்ணாகக் கொடுத்து வைப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட நம் எண்ணைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால், கடைப் பையன் ஓடிப்போய்ச் சம்பந்தப்பட்டவரை அழைத்து வருவான். பத்து நிமிடம் கழித்து மறுபடி மணி அடிக்கும். மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஒரு தாய் மகனிடம் பேசுவார். மகனுக்கு அங்கே காசு ஏறுகிறதே என்ற பதற்றத்தில், பாதி நேரம் ‘நல்லாயிருக்கியா, நல்லாயிருக்கியா’ என்பதோடு முடிந்துவிடும்.

மற்றபடி கடிதம்தான். உள்ளே வேறு தாள் எதுவும் வைக்கக்கூடாத, மடித்து ஒட்டும் ஏரோகிராம் வாங்கி எழுதுவார்கள். போய்ச் சேரப் பத்து நாள், பதில் வரப் பத்து நாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அதன் பிறகு எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. கூண்டுகள் தெருவுக்குத் தெரு வந்தன. 1995 இல் நாட்டில் செல்பேசியும், பொதுமக்களுக்கான இணைய சேவையும் தொடங்கின. நம் ஊருக்கு அவை வந்து சேரச் சில காலம் பிடித்தது. இப்போது முகம் பார்த்தே பேசுகிறோம்.

சாதனம் வளர்ந்தது. ஆனால் தொடர்பு வளர்ந்ததா என்பதுதான் கேள்வி.

1990 கற்பித்த பாடம்

1990 ஆகஸ்ட் 2 ஆம் தேதி ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. தொலைபேசி, தபால் எல்லாம் நின்றுபோயின. நம் கடையில் பி.பி. எண் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை அப்போது குவைத்தில் இருந்தார். அவருடைய தகப்பனார் தினமும் மாலையில் வந்து, ‘முதலாளி, குவைத்திலேர்ந்து ஏதும் போன் வந்துதுங்களா?’ என்று கேட்பார். இல்லை என்றதும், கடை சாத்தும் வரை ஓரமாக ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருப்பார். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போயிற்று. பிள்ளை வேலை செய்த நிறுவனத்தின் பெயரோ, பாஸ்போர்ட் எண்ணோ, உடன் தங்கியிருந்தவர்களின் ஊரோ வீட்டில் யாருக்கும் தெரியாது. மனு எழுதிப் போடலாம் என்று நாம் தாளை எடுத்தால், எழுதுவதற்குப் பெயரைத் தவிர வேறு விவரமே இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரம் வழியாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் அரசு விமானங்களில் மீட்டு வந்தது. அவர்களில் ஒருவராக அந்தப் பிள்ளையும் பம்பாயில் வந்து இறங்கி, நம் கடைக்குத்தான் போன் செய்தார். தகப்பனார் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசவில்லை, அழுதார். அன்று தொடங்கி, வெளிநாடு போகிறவர் எவராயினும், முழு விவரங்களையும் ஒரு தாளில் எழுதி வாங்கிப் பேரேட்டுக்குள் வைத்துக்கொள்வது நம் கடை வழக்கமாயிற்று.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் எண், விசா மற்றும் வேலை ஒப்பந்தத்தின் நகல், நிறுவனத்தின் பெயரும் முகவரியும், தங்கும் இடம், உடன் தங்கியிருக்கும் இருவருடைய எண்கள், அனுப்பி வைத்த முகவரின் பதிவு எண், அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். அவர்களுக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டில், விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். பாலிசியின் நகல் வீட்டில் இல்லாவிட்டால், அப்படி ஒன்று இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாமல் போகும்.

எல்லாம் செல்பேசியில் இருக்கிறதே என்பார்கள். 2024 ஜூனில் குவைத்தின் மங்காஃப் பகுதியில், தொழிலாளர் தங்கிய கட்டடம் தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாண்டனர். தமிழ்நாட்டவரும் அவர்களில் உண்டு. அது போன்ற வேளையில், தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது பிள்ளையின் எண் மணி அடித்துக்கொண்டே இருந்தால், அடுத்து யாரைக் கேட்பது? தாளில் எழுதிய அந்த இரண்டாவது, மூன்றாவது எண்தான் கைகொடுக்கும்.

ஊரில் ஆபத்து வந்தால்

இது மறுபுறமும் பொருந்தும். 2011 டிசம்பர் 30 ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, நம் பகுதியின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் இல்லை; செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் தொலைக்காட்சியில் விழுந்து கிடந்த மரங்களைப் பார்த்துவிட்டு, வீட்டு எண் கிடைக்காமல் தவித்தார்கள். நம் கடையில் ஜெனரேட்டர் இருந்ததால், வருகிறவர்களின் செல்பேசிக்கெல்லாம் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தோம். ஓரளவு சிக்னல் கிடைத்ததும், ‘எல்லாரும் நலம்’ என்று இரண்டே சொல்லில் செய்தி அனுப்பச் சொன்னோம். நெரிசலில் பேச்சு கிடைக்காத நேரத்திலும் குறுஞ்செய்தி போய்விடுவதுண்டு. புயல், வெள்ளக் காலங்களில் இந்த உதவியை நம் உறுப்பினர்கள் எல்லாருமே செய்யலாம். பெரிய செலவில்லை.

நாம் செய்த தவறு

இதை எழுதத் தயங்கினோம். ஆனால் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம். 1994 இல் எங்கள் தாயார் காலமானார். இளைய தம்பி அப்போது சவூதியில் இருந்தான். உடனே புறப்பட்டு வர முடியாது. தனியாக இருக்கிறவன், கேட்டால் தாங்கமாட்டான். விடுப்பில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தோம். இரண்டு முறை அவன் போன் செய்தபோதும், அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னோம். மூன்றாம் வாரம், வேறொருவருக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தின் மூலம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ‘அம்மா செத்ததுக்கு நான் தலைகூட முழுகலையேண்ணா’ என்று ஒரே ஒரு முறை கேட்டான். பிறகு இரண்டு ஆண்டுகள் நம்மிடம் சரியாகப் பேசவில்லை. வீட்டிலிருந்து வரும் எந்த நல்ல செய்தியையும் அவனால் நம்ப முடியவில்லை. வியாபாரத்தில் ஒரு முறை எடை குறைந்தால், அடுத்த மூட்டையையும் நிறுத்துப் பார்க்கச் சொல்வார்களே, அது போல.

ஆகவே நம் கருத்து இது. கெட்ட செய்தியை மறைக்காதீர்கள். ஆனால் நேரடியாக அவரிடம் கொட்டிவிடவும் வேண்டாம். முதலில் உடன் தங்கியிருக்கும் நண்பரை அழைத்து, ‘பக்கத்தில் இருங்கள் தம்பி’ என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்து அவர் அறைக்கு வந்த பிறகு, குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். வாகனம் ஓட்டும்போதோ, உயரத்தில் நின்று வேலை செய்யும்போதோ சொல்லக்கூடாது. போகும் முன்பே, ‘எது நடந்தாலும் உன்னிடம் மறைக்கமாட்டோம், நீயும் மறைக்காதே’ என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது.

அன்றாட வழக்கம்

பேசுவதற்கு நாளும் நேரமும் குறித்து வைக்க வேண்டும். துபாயும் மஸ்கட்டும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். ஐவரி கோஸ்ட் ஐந்தரை மணி நேரம் பின்னால். நாம் கடை சாத்திவிட்டு இரவு ஒன்பதரைக்கு அழைத்தால் துபாயில் எட்டு மணி, சிங்கப்பூரிலோ நடுச்சாமம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில், வாட்ஸ்அப்பில் செய்தியும் படமும் அனுப்பலாமே தவிர, பேச்சு அழைப்புக்கு அங்கு அனுமதி பெற்ற செயலிகளையே பயன்படுத்த வேண்டும். குறுக்கு வழியில் பேச முயன்று அந்நாட்டுச் சட்டத்தில் சிக்கிக்கொள்ள வேண்டாம். நெய்வேலியில் பணி ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்யும் பெரியவர்கள், வீட்டுத் தொலைபேசி எண் மாறும்போது எல்லாருக்கும் முதலில் தெரிவித்துவிட வேண்டும்.

அழைத்த உடனே பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ‘சீட்டுக்குக் கட்டணும், எப்ப அனுப்புவ’ என்று தொடங்கினால், சில மாதங்களில் பிள்ளை போனையே தவிர்ப்பான். மழை பெய்ததா, பலா காய்த்திருக்கிறதா, தங்கை என்ன படிக்கிறாள் என்று சொல்லுங்கள். அவன் காதுக்கு வேண்டியது ஊர்தான்.

எச்சரிக்கை இரண்டு

உங்கள் மகன் போலீசில் மாட்டிக்கொண்டான், பார்சலில் தப்பான பொருள் வந்திருக்கிறது என்று மிரட்டிப் பணம் பறிக்கும் அழைப்புகள் இப்போது பெருகியுள்ளன. குரலைக்கூடப் போலியாகச் செய்கிறார்கள். குடும்பத்தாருக்கு மட்டும் தெரிந்த ஒரு அடையாளச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாதவருக்குப் பணம் இல்லை என்பது விதியாக இருக்கட்டும். பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ளவரின் சிக்கல்களுக்கு மத்திய அரசின் உதவி மையக் கட்டணமில்லா எண் 1800 11 3090.

இரண்டாவது, நமக்கே உரியது. வாடிக்கையாளர் மேலுள்ள அன்பினால், அங்கே ஒருவரிடம் கொடுத்த பணத்தை இங்கே நம் கல்லாவிலிருந்து கொடுக்கும் ‘உண்டியல்’ வேலையில் எந்த வணிகரும் இறங்கக்கூடாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, அதற்குத் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். வங்கி வழியே வரட்டும்.

முடிவாக, உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பி.பி. நம்பர் காலம் போய்விட்டது, பி.பி. நம்பர் கொடுத்த மனம் போகவேண்டியதில்லை. உங்கள் வாடிக்கையாளர் எவராவது, ‘பையன் வெளிநாடு போறான் முதலாளி’ என்று சொன்னால், சந்தோஷம் என்று சொல்லிச் சாமான் கட்டிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு தாளை எடுத்து மேலே சொன்ன விவரங்களை எழுதச் சொல்லுங்கள். ஒரு நகல் அவர் வீட்டில், ஒரு நகல் உங்கள் பேரேட்டில். அந்தத் தாளுக்கு ஒருநாளும் வேலை வராமல் இருக்கட்டும். வந்தால், மூட்டையின் மேல் ஒரு தகப்பனார் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிராது.