தொட்டியை நிரப்புவது நம் பங்கு
(வானொலி மறையுரையின் மறுபதிப்பு)



தை பிறந்துவிட்டது. அவனியாபுரத்தில் வாடிவாசல் திறந்தாயிற்று. ஆலயங்களில் திருமண ஓலைகள் வாசிக்கப்படுகின்றன. மணமக்களை வாழ்த்தும் பெரியவர்கள், “எல்லாவற்றையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்கிறார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றால், கணவனும் மனைவியும் செய்ய வேண்டியது என்ன?

கானாவூர்த் திருமண வீட்டில் இதற்கு விடை இருக்கிறது (யோவா 2:1-11). இரசம் தீர்ந்துபோனது. அன்னை மரியா குறையை மகனிடம் சொன்னார். எப்படித் தீர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. இயேசு பணியாளர்களிடம் கேட்டதோ தண்ணீர் மட்டும். ஆறு கல்தொட்டிகளையும் விளிம்புவரை நிரப்பினார்கள். நீர் சுமந்தது அவர்கள் பங்கு. அதை இரசமாக்கியது ஆண்டவரின் பங்கு. நிரப்பாமல் கைகட்டி நிற்பது நம்பிக்கை அல்ல. தாங்களே இரசமாக்க முயன்றிருந்தால் அதுவும் நம்பிக்கை அல்ல.

நம் மண்ணிலேயே இதை வாழ்ந்து காட்டிய தம்பதியர் உண்டு. தைப்பொங்கலை ஒட்டி வரும் ஜனவரி 14 புனித தேவசகாயத்தின் திருநாள். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து அவர் மனம் சோர்ந்திருந்தபோது, டச்சுப் படைத்தலைவர் டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். “எனக்கு ஏன் இந்தத் துன்பம்?” என்ற கேள்விக்கு யோபுவுக்கு நேரடி விடை கிடைக்கவில்லை, ஆனால் கடவுளின் கை தன்னை விடவில்லை என்பதை அவர் அறிந்துகொண்டார். அந்த நம்பிக்கையே நீலகண்டரையும் பிடித்துக்கொண்டது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் பெயரின் தமிழாக்கமே தேவசகாயம். ‘கடவுளின் உதவி’ என்பது பொருள்.

அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். 1749-இல் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறையிலிருந்த கணவரால் மனைவியைக் காக்க முடியவில்லை. மனைவியால் கணவரின் சங்கிலியை அவிழ்க்க முடியவில்லை. ஆனாலும் நம்பிக்கையில் இருவரும் நிலைத்து நின்றார்கள். தங்கள் கைக்கு எட்டாததை இறைவன் கையில் விட்டார்கள். கணவரை இழந்த ஞானப்பூ வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து மறைந்தார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். குருவோ துறவியோ அல்லாத, திருமணமான ஒருவர்!

அன்பார்ந்தவர்களே, நம் வீடுகளில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, நம் கடமையைக் கடவுள் தலையில் கட்டுவது. சம்பளத்தை டாஸ்மாக்கில் கொடுத்துவிட்டு, பிள்ளையின் படிப்புக்காக மெழுகுதிரி ஏற்றுவது வேண்டுதல் ஆகாது. மற்றொன்று, கடவுளின் இடத்தில் நாம் அமர்வது. துணையின் மனத்தை நாமே மாற்றிவிடலாம் என்று நாள் முழுதும் குத்திக் காட்டுவதும், மருமகளை, மருமகனை நம் விருப்பப்படி வார்த்தெடுக்க நினைப்பதும் அதுதான். மனங்களைத் திருப்புகிறவர் ஆண்டவர். பொறுமை காப்பதும், அன்போடு உண்மை பேசுவதும் நம் பங்கு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். “ஆண்டவர் பார்த்துக்கொள்வார், அடியைப் பொறுத்துக்கொள்” என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள். ஒருவருக்கொருவர் பணிந்திருக்க வேண்டும் என்று இருவரிடமும்தான் தூய பவுல் கேட்கிறார் (எபே 5:21). மனைவியையும் பிள்ளைகளையும் வன்முறையிலிருந்து காக்கப் பிரிந்து வாழ்வது சில நேரங்களில் தேவையாகிறது என்று, ‘அன்பின் மகிழ்வு’ என்னும் 2016-ஆம் ஆண்டு மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் கூறுகிறார் (எண் 241). பங்குத்தந்தையிடம் சொல்வதும், 181 என்ற உதவி எண்ணை அழைப்பதும் நம்பிக்கைக் குறைவு அல்ல. அவையும் தொட்டியை நிரப்பும் செயல்களே.

இன்று இரவு குடும்பச் செபம் முடிந்ததும், கணவனும் மனைவியும் இரண்டு கேள்விகளைச் சேர்ந்து கேளுங்கள்: நாளை நான் செய்ய வேண்டியது எது? நான் ஆண்டவரிடம் விட்டுவிட வேண்டியது எது?

ஆண்டவரே, எங்கள் பங்கை விளிம்புவரை செய்யும் வலிமையையும், மீதியை உம் கையில் விடும் மன அமைதியையும் எங்கள் குடும்பங்களுக்குத் தாரும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.