வேலிப் பாம்பும் பெட்டிப் பாம்பும்

"வேலிக்குள்ளை கை விடாதை!" யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் இந்த அதட்டலைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. கிடுகு வேலிக்குள் பந்து போனால் தடியால் தட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வளவைச் சுற்றிக் கிடுகு, மூலையில் காவோலையும் பன்னாடையும், அடுப்படிக்குப் பின்னால் விறகு என்று எலிக்கு வசதி குறைவில்லாத வீடுகள் அவை. எலி இருந்தால் சாரை வரும், நாகமும் வரும். வயற்கரையில் புடையன், மணற்பாங்கான நிலத்தில் சுருட்டை விரியன்.

அந்தக் காலத்துச் சட்டதிட்டங்கள் எழுதப்படாதவை. இரவில் பாம்பு என்று சொல்லக்கூடாது, பூச்சி என்று சொல்ல வேண்டும். நாகத்தைக் கண்டால் அடிக்க மாட்டார்கள். நாகதம்பிரானை நினைத்துக் கொண்டு வழிவிடுவார்கள். வாயில் பூவோடு கடல் கடந்த நாகம் பூசித்த தலம் என்று நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு ஐதீகம். வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் என்று ஓர் ஊரே இருக்கிறது. புடையனுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதைக் கண்டதும் ஒருவர் தடிக்கு ஓடுவார், ஒருவர் அயலைக் கூப்பிடுவார். கும்பிடும் பாம்பு, கொல்லும் பாம்பு என்று இரண்டு வகைதான். வளர்க்கும் பாம்பு என்ற மூன்றாம் வகை யாருடைய கனவிலும் வந்ததில்லை.

போர்க்காலம் பாம்பை இன்னும் கிட்டக் கொண்டுவந்தது. 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்த ஜாம் போத்தல் விளக்குத்தான் வெளிச்சம். விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் பாய்ந்தவர்களுக்கு மேலே குண்டுப் பயம், கீழே பாம்புப் பயம். மழைக்குப் பிறகு பங்கருக்குள் இறங்குமுன் தடியால் ஒரு தட்டுத் தட்டுவது பழக்கமாகிப் போனது.

இன்று கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில் எழும்பிவிட்டது. பட்டணத்துப் பிள்ளைகள் பாம்பைக் காண்பது குறைவு. பரம்பரை விஷகடி வைத்தியரிடம் ஓடிய ஊர், இப்போது போதனா வைத்தியசாலைக்கு ஓடுகிறது. இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாம் வகைப் பாம்பு வந்தது இங்கே அல்ல, புலம்பெயர்ந்த வீடுகளில். ரொறன்ரோவில் பிறந்த பேரன் காணொளி அழைப்பில் உள்ளங்கையில் ஒரு பாம்புக் குட்டியை வைத்துக் காட்டுகிறான். இங்கே அம்மம்மா அலறுகிறார்: "ஐயோ, உது புடையன் குட்டியெல்லே!"

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. பருத்த உடல், பழுப்புத் திட்டுகள், சீறல் எல்லாம் புடையன் சாயல்தான். ஆனால் அது வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஹொக்நோஸ், அதாவது பன்றிமூக்குப் பாம்பு. மண்வெட்டி போல மேல்நோக்கி வளைந்த மூக்கால் மணலைக் கிண்டித் தேரையைத் தேடும். சீண்டினால் கழுத்தை அகட்டிப் படம் காட்டும். வாயை மூடிக்கொண்டே கொத்துவது போலப் பாயும். அதுவும் பலிக்காவிட்டால் மல்லாந்து, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டுச் செத்தது போலக் கிடக்கும். புரட்டி வைத்தால் மறுபடியும் மல்லாந்து விடும்!

முதற் பாம்பாக இதைப் பலர் விரும்புவது உருவம் சிறிது என்பதால்தான். மேற்குப் பன்றிமூக்கனில் ஆண் இரண்டு அடிக்குள் நிற்கும், பெண் மூன்றடி வரை போகும். பின்பற்களில் இலேசான நஞ்சு உண்டு. எலி மணக்கும் விரலை இரையென்று கவ்வி மென்றால் கை வீங்கலாம். இதன் கடியால் மனிதர் இறந்ததாகப் பதிவு இல்லை.

வாங்குபவர் நிறத்தில் மயங்கக் கூடாது. வெள்ளை, ஊதா என்று நிறம் மாற மாற விலை ஏறும். பாம்பின் குணம் மாறாது. கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இது சாப்பிடுகிறதா?" என்பதுதான். இந்த இனத்துக் குட்டிகள் உணவு விடயத்தில் அடம்பிடிப்பவை. தேரையை நாடும் நாக்குக்கு எலி பிடிக்காமல் போகலாம். உறைய வைத்து இளக்கிய எலிக்குஞ்சை அது விழுங்குவதை நேரில் பாருங்கள். உணவுக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். கண் தெளிவாக இருக்கிறதா, செதில்களுக்கிடையே உண்ணி இருக்கிறதா, மூச்சில் இரைச்சல் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கூண்டிலே பிறந்த குட்டியையே வாங்க வேண்டும். ஒன்ராறியோவில் இயற்கையாக வாழும் கிழக்குப் பன்றிமூக்கன் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம்; அதைப் பிடித்து வளர்க்க முடியாது. எந்தப் பாம்பை வைத்திருக்கலாம் என்ற விதி நகரத்துக்கு நகரம் வேறுபடுவதால் நகரசபையிடமும் முதலில் விசாரிக்க வேண்டும்.

பிறகுதான் வீட்டுக்குள் வழக்குத் தொடங்கும். பெட்டியின் ஒரு பக்கம் 32 பாகை வரை சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, புதைந்து கிடக்க ஆழமான மரச்சீவல், ஒளிய இரண்டு இடம் எல்லாம் செய்துவிடலாம். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீட்டில், ஃப்ரீசரில் கணவாய்ப் பொதிக்குப் பக்கத்தில் எலிப் பொதியை வைக்கத் தாயைச் சம்மதிக்க வைப்பது சின்ன வேலையா? ஒருநாள் வழக்கும் அல்ல. நன்றாகப் பார்த்தால் இந்தப் பாம்பு 15 முதல் 20 ஆண்டுகள் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வாங்கியதை, அவன் வேலைக்குப் போன பிறகும் யாராவது பார்க்க வேண்டும்.

காணொளிகளைப் பார்த்து யாழ்ப்பாணத்திலும் ஆசைப்படும் இளைஞர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு இரண்டு சொல். வனவிலங்குத் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் வெளிநாட்டு ஊர்வனவற்றை இலங்கைக்குள் கொண்டுவர முடியாது. இன்னொன்று, தூக்கிய மூக்கைக் கண்டு இங்கே ஏமாறக் கூடாது. நாட்டின் ஈரவலயத்தில் சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா எனப்படும் விரியனுக்கும் மூக்கு மேல்நோக்கித்தான் இருக்கும். அதன் கடி சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து அதற்குப் பலிக்காது.

அன்று நாங்கள் பாம்பைக் கும்பிட்டோம், அடித்தோம், நின்று பார்க்கவில்லை. எது நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று தெரியாமலே எத்தனையோ சாரைகளைக் கொன்றோம். ரொறன்ரோப் பேரன் பாம்பின் கண்ணையும் செதிலையும் மூச்சையும் பார்க்கப் பழகியிருக்கிறான். அந்தப் பார்வை இங்கேயும் வர வேண்டும், பெட்டியும் பாம்பும் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் குட்டி சாப்பிடுவதைக் காணாமல் காசைக் கொடுக்காதீர்கள். இங்கே இருப்பவர்கள், எலி பிடிக்க வளவுக்குள் வரும் சாரையை அடையாளம் கண்டு, அதன் வழியில் போகவிடுங்கள்.