கட்டற்றதும் இலவசமும்



மென்பொருள் விடுதலை நாள் என்னும் விழா 2004-ஆம் ஆண்டு தொடங்கியது. செப்டம்பர்த் திங்களின் மூன்றாம் சனிக்கிழமையை ஒட்டிப் பல நாடுகளின் கல்லூரி வளாகங்களில் அது கொண்டாடப்பெறுகிறது. மொழியியலார்க்கு அங்கே என்ன பணி? அதன் அடிப்படைச் சொல்லிலேயே பணி உண்டு.

1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். அவர் வளர்த்த இயக்கம் கையாண்ட 'ஃப்ரீ' என்னும் ஆங்கிலச் சொல் விலையின்மையையும் உரிமையையும் ஒருங்கே குறிக்கும். அதனால் நேர்ந்த மயக்கத்தை நீக்க அவ்வியக்கத்தார் இன்றும் விளக்கம் கூறுகின்றனர். மலாயில் அம்மயக்கம் இல்லை: 'பெர்ச்சுமா' வேறு, 'பெபாஸ்' வேறு. தமிழிலும் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டு என்பது பிணிப்பு. அது நீங்கியது கட்டற்றது.

ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஃபெரியில் திரும்புவோரிடம் முன்பு கட்டணம் பெறாத வழக்கம் இருந்ததை நாம் அறிவோம். அஃது இலவசம். ஆயினும் அதன் வழியையோ நேரத்தையோ பயணி மாற்ற இயலாது. கட்டற்ற மென்பொருளோ நான்கு உரிமைகளைத் தருகிறது: எந்நோக்கத்திற்கும் இயக்கலாம், மூல நிரலைப் படித்து மாற்றலாம், படியெடுத்துப் பகிரலாம், மாற்றிய வடிவையும் பகிரலாம்.

இவ்வுரிமை தமிழுக்கு ஏன் வேண்டும்? தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. அக்காலத்தில் நாம் தட்டெழுதிச் சேமித்த ஆய்வுக் குறிப்புகள் சில இன்று திரையில் பொருளற்ற குறிகளாகவே தோன்றுகின்றன. எழுத்துருவை ஆக்கியவர் தொழிலை விட்டார். அதன் அமைப்பை வெளியிட்டாரில்லை. ஓலை செல்லரித்தால் எழுத்து மறையும். இங்கோ எழுத்து இருந்தும் படிக்க இயலவில்லை.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. 2010-இல் ஓப்பன் ஆபிஸ் மென்பொருளின் உரிமை கைமாறியபின், பங்களிப்பாளர் பலர் அதன் மூல நிரலைக் கொண்டே லிப்ரே ஆபிஸ் என்னும் பெயரில் பணியைத் தொடர்ந்தனர். நிரல் கட்டற்றதாயிருந்தமையால் அவர்களை எவரும் தடுக்க இயலவில்லை. இன்று அதற்குத் தமிழ் இடைமுகமும் உண்டு.

இப்பகுதிக் கல்லூரி ஒன்றில் அந்நாள் கொண்டாடப்பெறின், நிரல் எழுதத் தெரியாத தமிழ் மாணவர்க்கும் அங்கு இடமுண்டு. 'வா' என்னும் ஒரு வினையடியிலிருந்து வந்தான், வருகிறாள், வாராது, வந்திருந்தனர் எனப் பல்கும் வடிவங்களைப் பிழைதிருத்திக்கு வகுத்துத் தருவோர் இலக்கணம் கற்றோரே. ஆசிரியர்கள் ஒரு வினையடியை எடுத்துக்கொண்டு வகுப்பிலேயே இப்பணியைத் தொடங்கலாம். அப்பட்டியலைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுக. நம் குறிப்புகளுக்கு நேர்ந்தது அதற்கு நேராது.